மரியாதை என்ற சொல்லின் பொருளும் வரலாறும்

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தம் வகுப்பில் எழுந்த கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறார். மரியாதை என்ற சொல்லின் முதற்பொருள் என்ன, அது தமிழ்ச் சொல்லா வடசொல்லா, ‘மருவு’ என்ற வினையிலிருந்து ‘மருவாதி’ பிறந்து அதுவே பின்னர் ‘மரியாதை’ என்று திருந்தியது எனச் சிலர் சொல்வது பொருந்துமா என்பவை அவர் கேட்பவை. நல்ல நடத்தையைக் குறிக்க நாம் நாள்தோறும் ஆளும் சொற்களுள் இதற்கு இணையாகப் புழங்குவது வேறொன்றில்லை என்பதால், இதன் வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

சுருக்கமான விடை இது. மரியாதை வடசொல். அதன் முதற்பொருள் எல்லை, கரை, வரம்பு. பணிவு, மதிப்பு, உபசாரம் என்ற பொருள்கள் எல்லாம் அந்த முதற்பொருளிலிருந்து படிப்படியாக விரிந்தவை. ‘மருவு’ என்ற வினைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதலில் ஒலி வடிவத்தைப் பார்ப்போம். வடமொழியில் இச்சொல் ‘மர்யாதா’ என்று நிற்கிறது. வடசொற்கள் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்த வேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்திலேயே வகுக்கப்பட்ட நெறி. அந்த மாற்றங்களைப் பவணந்தி முனிவர் நன்னூலில் விரித்துச் சொல்கிறார். அவற்றுள் இரண்டு இங்கே வேண்டும். வடசொல்லின் இறுதியில் நிற்கும் ஆகாரம் தமிழில் ஐகாரமாகும். சபா சபை ஆனதும் மாலா மாலை ஆனதும் இவ்வாறே. மெய்யோடு இணைந்து நிற்கும் யகரத்துக்கு முன்னே ஓர் இகரம் தோன்றும். கார்ய காரியம் ஆனதும், சூர்ய சூரியன் ஆனதும், தைர்ய தைரியம் ஆனதும் இவ்வாறே. இவ்விரு விதிகளையும் மர்யாதா என்பதன் மீது வைத்தால் மரியாதை என்ற வடிவம் எந்த வலிந்த முயற்சியும் இன்றிக் கிடைத்துவிடுகிறது. பாளி மொழியிலும் இடையில் இகரம் தோன்றி ‘மரியாதா’ என்றே வழங்கியது.

அப்படியானால் ‘மருவாதி’ எங்கிருந்து வந்தது? இதற்கும் நன்னூலிலேயே விடை இருக்கிறது. இ, ஈ, ஐ என்ற உயிர்களை அடுத்து யகரமும் ஏனைய உயிர்களை அடுத்து வகரமும் ஏகாரத்தை அடுத்து இவ்விரண்டும் உடம்படுமெய்யாக வரும் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்த விதி. பேச்சில் ‘ரி’ என்பது ‘ரு’ என்று மாறியவுடன், அதை அடுத்து நின்ற ‘யா’ தானாகவே ‘வா’ ஆகிவிடுகிறது. ஆகவே மருவாதி, மருவாதை என்பன மரியாதையிலிருந்து பேச்சில் திரிந்த வடிவங்கள். திசை மறுபக்கமாக ஓடவில்லை. மருவு என்றால் நெருங்குதல், கலந்து பழகுதல். அந்த வினையோடு ‘ஆதி’ சேர்ந்து நடத்தைப் பெயர் ஒன்று உண்டாவதற்குத் தமிழில் வேறு எடுத்துக்காட்டு இல்லை. அதைவிட முக்கியமானது, எல்லை என்ற பொருளை மருவு என்ற வினையால் விளக்கவே முடியாது என்பது. தமிழில் வேர் தேடும் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு சொல்லைத் தமிழாக்குவதற்காக அதன் பொருள் வரலாற்றையே கைவிட வேண்டியிருந்தால், அந்த முயற்சி தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

இனிப் பொருளுக்கு வருவோம். ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் ஞானிகள் ஏழு மரியாதைகளைச் செதுக்கி வைத்தனர் என்று ஓர் அடி வருகிறது. கல்லிலோ மரத்திலோ எல்லைக்குறி செதுக்குவதைச் சொல்லும் வினையே அங்கே ஆளப்பட்டிருக்கிறது. வேதச் சொற்களுக்குப் பொருள் கூறிய யாஸ்கர், அந்த ஏழையும் மனிதன் கடக்கக் கூடாத ஏழு குற்றங்களாக எண்ணுகிறார். களவும் கள்ளும் பொய்யும் அவற்றுள் அடங்கும். நிலத்தின் எல்லையைக் குறித்த சொல் நடத்தையின் எல்லையைக் குறிக்கத் தொடங்கியது அவ்வளவு பழைய காலத்திலேயே நிகழ்ந்துவிட்டது என்பதை இதிலிருந்து அறியலாம். சொல்லின் உட்பிரிப்பைப் பற்றி வடமொழி அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. ‘மர்ய’ என்பதற்கு இளைஞன், மனிதன் என்று பொருள் கொண்டு, மனிதர்கள் ஏற்றுக்கொண்டது எதுவோ அது மரியாதை என்று யாஸ்கர் பிரித்தார். ‘மர்யா’ என்பதே எல்லைக்குறி என்று கொண்டவர்களும் உண்டு. பிரிப்பு எதுவாயினும், எல்லை என்ற பொருளில் எவரும் வேறுபடவில்லை.

பாணினியின் இலக்கணத்தில் இச்சொல் இன்னும் நுட்பமாக ஆளப்பட்டிருக்கிறது. ‘வரை’ என்று நாம் சொல்லும்போது அதில் ஓர் ஐயம் எப்போதும் உண்டு. செங்கலடி வரை மழை பெய்தது என்றால், செங்கலடியில் மழை பெய்ததா இல்லையா? இந்த ஐயத்தை நீக்க, இறுதி இடத்தையும் உள்ளடக்கிய எல்லையை ‘அபிவிதி’ என்றும், இறுதி இடத்தைத் தொடாமல் அதற்கு இப்பால் நின்றுவிடும் எல்லையை ‘மர்யாதா’ என்றும் வடமொழி இலக்கணக்காரர் பிரித்தனர். இலக்கணத்துக்காகச் செய்த இந்தப் பிரிப்பு, நன்னடத்தையின் சாரத்தையும் சொல்லிவிடுகிறது என்பது என் எண்ணம். ஒரு வீட்டுக்குப் போனால் எந்த அறை வரை போகலாம், ஒருவரிடம் எந்தக் கேள்வி வரை கேட்கலாம், பகிடி எந்த அளவோடு நிற்க வேண்டும் என்பவற்றில் எல்லாம், கடைசிப் புள்ளியைத் தொட்டுவிட்டுத் திரும்புபவரை நாம் மரியாதை தெரிந்தவர் என்று சொல்வதில்லை. அதற்குச் சற்று முன்னே தாமாக நின்றுகொள்பவரையே அப்படிச் சொல்கிறோம்.

பாளி நூல்களில் வரும் ஒரு செய்தி, வயல் சூழ்ந்த நம்முடைய பகுதியினருக்கு எளிதில் விளங்கும். பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதியில், மகத நாட்டு வயல்களைப் பார்த்த புத்தர், வரிசையும் வரம்பும் குறுக்கு வரம்பும் கட்டிய அந்த வயலைப் போலவே துறவிகளின் சீவர ஆடையையும் துண்டு துண்டாக இணைத்துத் தைக்க இயலுமா என்று தம் சீடர் ஆனந்தரிடம் கேட்கிறார். அங்கே வயல் வரம்பைக் குறிக்கும் சொல் ‘மரியாத’ என்பதே. கௌதம புத்தரின் சங்கத்தார் இன்றும் அணியும் ஆடையில் தெரியும் தையல் கோடுகள் அந்த வரம்புகளின் வடிவம்.

மண்டூரிலோ சம்மாந்துறையிலோ வட்டை என்னும் வயல்வெளிக்குள் இறங்கி வேலை செய்தவர்களுக்கு வரம்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இரண்டு வரவைகளுக்கு, அதாவது வயல் துண்டுகளுக்கு, இடையில் ஓரடி ஒன்றரையடி அகலத்தில் கிடக்கும் மண் அது. விதைப்புக்கு முன் அதன் பக்கங்களைச் செதுக்கிப் புல்லை நீக்கி, சேற்றை அள்ளி அணைத்து, மண்வெட்டியின் பின்புறத்தால் தட்டி வழவழப்பாக்கி விடுவார்கள். அந்த வேலையைச் செய்யும்போது ஒருவர் தம் பக்கத்தில் போகத்துக்கு நான்கு விரல் மண்ணைக் கூடுதலாகச் சீவிக்கொண்டு போனால், முதல் போகத்தில் யாருக்கும் தெரியாது. சில போகங்கள் கழிந்த பின்னரே வரம்பு நடக்க முடியாத அளவுக்கு மெலிந்திருப்பது தெரியவரும். அடுத்த பெருமழையில் அது உடைந்தால் நீர் இரு பக்கத்தாரின் விதைநெல்லையும் சேர்த்தே கொண்டு போகும். வயல் காரியங்களைக் கவனிக்கும் வட்டை விதானையார் முன்னிலையில் தீர்க்கப்படும் பிணக்குகளில் வரம்புப் பிணக்குக்கு எப்போதும் இடம் உண்டு. ‘அவன் வரம்பு மீறிப் பேசிவிட்டான்’ என்று நாம் சொல்லும் சொல்லும், மரியாதை என்ற சொல்லும், ஒரே மண்ணில் நின்று பிறந்த பொருளுடையவை. ஒன்று தமிழில் பிறந்தது, மற்றொன்று வடக்கிலிருந்து வந்தது, அவ்வளவுதான் வேறுபாடு.

எல்லை என்ற பொருளிலிருந்து அடுத்துக் கிளைத்த பொருள், ‘ஏற்பட்ட முறை’ அல்லது ‘நியாயம்’ என்பது. எல்லை என்பது ஒருவர் மட்டும் வைத்துக்கொள்வது அன்று. ஊரார் ஏற்று நிலைபெற்றது. ஆகவே ஊர் ஏற்ற வழக்கமும் மரியாதை எனப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளில் ‘மரியாதி’ என்ற வடிவம் முன்பிருந்து வரும் நடைமுறை என்ற பொருளில் ஆளப்பட்டிருப்பதைக் காணலாம். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது வரும் மரியாதை இராமனை நினைத்துப் பாருங்கள். அவன் பெரியவர்களைக் கண்டால் எழுந்து நின்றதற்காக அந்தப் பெயரைப் பெற்றவன் அல்லன். வழக்குகளைக் கேட்டு, மற்றவர்களால் அவிழ்க்க முடியாத சிக்கலை அவிழ்த்துத் தீர்ப்புச் சொன்னவன். அவன் பெயரில் உள்ள மரியாதை, முறை வழுவாமை என்ற பழைய பொருளைச் சுமந்து நிற்கிறது. தெலுங்கிலும் அவன் மரியாத ராமன்னாவாகவே அறியப்படுகிறான். இராமபிரானை ‘மரியாதா புருஷோத்தமன்’ என்று வடநாட்டார் அழைப்பதிலும் இதே பொருளே உள்ளது. அறத்தின் எல்லையை மீறாதவன் என்பதே அத்தொடரின் கருத்து. மாணவர்களுக்குச் சொல்லின் பழம்பொருளை விளக்க இந்த இரண்டு பெயர்களே போதும் என்று நினைக்கிறேன்.

முறை என்ற பொருள் வந்த பின், அந்த முறைப்படி ஒருவருக்குச் செய்ய வேண்டியதும் மரியாதை ஆயிற்று. இங்கேதான் சொல் ஒரு பெரிய திருப்பத்தை அடைகிறது. அதுவரை ஒருவர் தம் நடத்தையில் காக்கும் ஒன்றாக இருந்தது, இப்போது ஒருவர் பிறரிடமிருந்து பெறும் ஒன்றாகவும் மாறுகிறது. இதை மட்டக்களப்பு, அம்பாறைக் கோயில்களில் மிகத் தெளிவாகக் காணலாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம், திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி கோயில் போன்று தேசத்துக் கோயில் எனப்படும் பழைய பெருங்கோயில்களில், தாய்வழியில் வரும் குடிகளுக்கு இன்ன திருவிழா, இன்ன கடமை என்று வகுக்கப்பட்டிருக்கிறது. கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் வண்ணக்கர் முதலிய பொறுப்புகளும் அந்த முறையிலேயே அமைகின்றன. பூசை முடிந்து காளாஞ்சி என்னும் பிரசாதத் தட்டைக் கொடுக்கும்போது யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து என்பதும் முன்னோர் வகுத்த வரிசைப்படி நடக்கும். இந்த வரிசையையும் முன்னீட்டையும் சேர்த்தே ‘கோயில் மரியாதை’ என்கிறோம். வெற்றிலையும் பாக்கும் தேங்காயும் வைத்த ஒரு தட்டு, அதன் விலைக்காக அன்றி, அது தரப்படும் இடத்துக்காகவும் நேரத்துக்காகவும் மதிக்கப்படுகிறது.

இந்தப் பொருளில் மரியாதை பிணக்குக்கும் காரணமாகியிருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சாதியும் குடியும் பார்த்து மரியாதையைப் பங்கிட்டபோது, சிலருக்கு அது பிறப்போடு வந்த உரிமையாகவும் வேறு சிலருக்கு என்றுமே எட்டாததாகவும் ஆனது. ஒருவர் தமக்குரிய மரியாதை கிடைக்கவில்லை என்று கோபித்துத் திருவிழாவிலிருந்து எழுந்து போகும்போது, அவர் சொல்லும் மரியாதை சொல்லின் வரலாற்றில் கடைசியாக வந்து சேர்ந்த பொருள். அதன் பழைய பொருளை அளவுகோலாகக் கொண்டால், கோபத்தில் எழுந்து போகும் அந்தச் செயலே எல்லை கடந்ததாகிவிடும். சொல்லின் வரலாற்றை மாணவர்களுக்குக் கற்பிப்பதன் பயன் இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வரிசை என்ற சொல்லை மேலே எடுத்ததால் அதைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். அது சங்க இலக்கியத்திலேயே வரும் சொல். மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர், பரிசில் நாடி வருவோருக்குப் பெரிதாகக் கொடுத்தல் எளிது, ‘வரிசை அறிதலோ அரிதே’ என்கிறார். ஒவ்வொருவரின் தகுதியையும் அறிந்து அதற்கேற்ப நடத்துவதைத்தான் அவர் வரிசை அறிதல் என்கிறார். கபிலர் கேட்ட வரிசை புலமையைப் பார்த்து வருவது; பிறப்பைப் பார்த்து வருவது அன்று. ஒரே சொல் அங்கும் இங்கும் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மரியாதை வருவதற்கு முன் தமிழில் இந்தக் கருத்துக்குச் சொல் இல்லையா என்று மாணவர்கள் கேட்கக் கூடும். நிறையவே இருந்தன. கலித்தொகை ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’ என்கிறது. பிறருடைய இயல்பறிந்து அதற்கேற்ப நடப்பதே பண்பு என்பது இதன் கருத்து. நற்றிணையில், நட்புடையவர் கண்முன்னே கொடுத்தால் நஞ்சையும் உண்பவர் நனி நாகரிகர் என்று வருகிறது. திருவள்ளுவரும் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில் அதே கருத்தைச் சொல்லி, அதை ‘நயத்தக்க நாகரிகம்’ என்கிறார். இன்று நாகரிகம் என்றால் உடையையும் உணவையும் நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஒழுக்கம் என்பது ஒழுகு என்ற வினையில் பிறந்தது. நீர் ஒழுகுவது போலத் தடையின்றி நடந்து செல்வது அதன் அடிக்கருத்து. ஆசாரக்கோவை என்ற சிறு நூலில் பெருவாயின் முள்ளியார் உண்ணும் முறை முதல் உறங்கும் முறை வரை நூறு வெண்பாக்களில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவரை முறுவலோடும் இனிய சொல்லோடும் எதிர்கொண்டு, கால் கழுவ நீரும் இருக்க மணையும் பாயும் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்வதைப் படிக்கும்போது, செம்பில் தண்ணீர் கொடுத்து, பன்பாயை உதறி விரித்து, வெற்றிலை வட்டாவை முன்னால் நகர்த்தி வைக்கும் நம் கிழக்கு மாகாண வீடுகள் என் கண்முன் வருகின்றன. மட்டக்களப்பார் வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் மந்திரத்தைச் சுட்டிச் சொல்வதுண்டு. அந்தப் பாயை விரித்தவிதமே வந்தவரை எழுந்து போக விடாமல் செய்தது என்று சொல்வதே சரி.

எல்லை என்ற கருத்தோடு நேராகப் பொருந்தும் குறளும் ஒன்று உண்டு. சான்றாண்மை என்ற அதிகாரத்தில், ஊழி பெயர்ந்தாலும் தாம் பெயராதவர்களைச் ‘சான்றாண்மைக்கு ஆழி எனப்படுவார்’ என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் அங்கே ஆழி என்பதற்குக் கரை என்று பொருள் கொண்டு, மற்றக் கடல்கள் கரைக்குள் நில்லாமல் காலம் திரிந்தாலும், சால்பு என்னும் கடலுக்குக் கரையாக நிற்பவர்கள் திரிய மாட்டார்கள் என்று விளக்குகிறார். வடமொழி இதிகாசங்களிலும் கடல் தன் மரியாதையைக் கடவாதது போல என்ற உவமை அடிக்கடி வரும். மரியாதை என்ற சொல்லை வள்ளுவர் ஆளவில்லை. ஆனால் அச்சொல்லுக்குள் இருக்கும் கரை என்ற கருத்து அவருக்கு அந்நியமானதும் அன்று.

இப்போது ‘மட்டு மரியாதை’ என்ற தொடரைப் பார்க்க வேண்டும். ‘மட்டு மரியாதை இல்லாமல் பேசாதே’ என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கண்டிப்பதை எல்லோரும் கேட்டிருப்போம். மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டுப்படுத்துதல், மட்டிடுதல், ‘இம்மட்டும்’ என்பவற்றில் எல்லாம் அதே சொல்தான் இருக்கிறது. ஆகவே மட்டு மரியாதை என்பது, ஒரே பொருளுடைய ஒரு தமிழ்ச் சொல்லையும் ஒரு வடசொல்லையும் அருகருகே வைத்து இணைத்த தொடர். இந்த இணைப்பைச் செய்தவர்கள், மரியாதை என்றால் எல்லை என்ற பழைய பொருளை நன்றாக உணர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மட்டு என்ற சொல் அங்கே வந்து அமர வேறு காரணம் இல்லை. மட்டக்களப்பை மட்டுநகர் என்று சுருக்கிச் சொல்வதால், இந்த மட்டு நம் ஊரைக் குறிக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்பவர்கள் உண்டு. இத்தொடர் தமிழ்நாட்டிலும் வழங்குவதால் அதற்கு இடமில்லை.

பழைய பொருள் மறையாமல் நிற்கும் இன்னோர் இடம் எச்சரிக்கை. ‘மரியாதையாக எழுந்து போ’ என்று ஒருவர் சொல்லும்போது அதில் பணிவும் இல்லை, உபசாரமும் இல்லை. எல்லை இன்னும் உடையாமல் இருக்கும்போதே போய்விடு, இதற்கு மேல் நின்றால் அது உடையும் என்பதே அதன் பொருள். மலையாளத்திலும் இச்சொல் இதே தொனியில் வழங்குகிறது. மதிப்பு என்ற பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கை விளக்க முயன்றால் முடியாது. செய்தித்தாள்களில் வரும் ‘மரியாதை நிமித்தமான சந்திப்பு’, ‘இராணுவ மரியாதை’, ‘இறுதி மரியாதை’ ஆகியவை, முறைப்படி செய்ய வேண்டியது என்ற இடைப்பொருளைச் சார்ந்தவை.

பேசும் முறையில் மரியாதை எப்படி வெளிப்படுகிறது என்பதும் கேள்வியோடு நெருங்கியதே. ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வந்த உயர்சொல், அது இலக்கண நெறிப்படி அமைந்தது அன்று என்று தொல்காப்பியர் சொல்கிறார். அதாவது, இன்று நாம் தவிர்க்கவே முடியாததாகக் கருதும் மரியாதைப் பன்மை, அக்காலத்திலேயே மக்கள் வழக்கில் வேரூன்றி, இலக்கணக்காரரைத் தன்னைக் கவனிக்க வைத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் நீ, நீங்கள் என்ற இரண்டுக்கும் நடுவே ‘நீர்’ பரவலாக நிற்கிறது. நம் பகுதிப் பேச்சில் அதற்கு அவ்வளவு இடமில்லை. அந்த இடத்தை உறவுச் சொற்கள் நிரப்புகின்றன. சந்தையில் முன்பின் தெரியாத ஒருவரை அண்ணன், மாமி, மச்சான் என்று அழைத்துத்தான் பேச்சையே தொடங்குகிறோம். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் தமிழர் ஒருவர் முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் என்ற பொருளில் ‘காக்கா’ என்று அழைப்பதும், அவர் திரும்பத் ‘தம்பி’ என்று அழைப்பதும் நாள்தோறும் நடப்பவை. பெரியவர்கள் சிறு பிள்ளைகளை ‘வாங்க மனே’ (மகனே) என்று பன்மையும் பாசமுமாக அழைக்கும் வழக்கமும் இங்கே உண்டு. மரியாதை கீழிருந்து மேலே மட்டும் செல்லும் ஒன்றல்ல என்பதற்கு அந்த இரண்டு சொற்களை விடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

நம் பகுதி முஸ்லிம் மக்களிடம் இதே கருத்துக்கு ‘அதபு’ என்ற சொல் வழங்குகிறது. பள்ளிவாசலிலும் மதரசாவிலும் பிள்ளைகள் முதலில் பழக வேண்டியது அதபு என்றே பெரியவர்கள் சொல்வார்கள். அது அரபுச் சொல். முன்னோர் வழியாக வந்த நல்ல பழக்கம் என்பதில் தொடங்கி, நன்னடத்தை, கல்வி, இலக்கியம் வரை அரபு மொழியில் அதன் பொருள் விரிந்திருக்கிறது. விருந்துக்கு அழைத்தல் என்ற பொருளுடைய சொல்லோடு அதை இணைத்துப் பார்த்த அரபு அகராதிக்காரர்களும் உண்டு. மரியாதை எல்லையில் தொடங்கியது என்றால், அதபை அவர்கள் விருந்தோடு சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். ஒரே தெருவில் இவ்விரு சொற்களும் புழங்கும் பகுதியில் வாழும் மாணவர்களுக்கு இரண்டின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்பது நல்லது.

ஆசிரியை இறுதியாக, வடசொல் என்பதால் மரியாதைக்கு மாற்றாக ‘மதிப்பு’ என்று எழுதுமாறு மாணவர்களிடம் சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறார். இடம் பார்த்துச் சொல்ல வேண்டும். மதி என்ற வினைக்கு அளவிடுதல், கணித்தல் என்று பொருள். ஒருவரின் தகுதியை அளந்து உள்ளத்தில் வைப்பது மதிப்பு. ‘ஆசிரியர் மீது மரியாதை வைத்திருக்கிறேன்’ என்பதை ‘மதிப்பு வைத்திருக்கிறேன்’ என்று தயக்கமின்றி மாற்றலாம். ‘மரியாதையாக நடந்துகொண்டான்’ என்பதை அப்படி மாற்ற முடியாது. அங்கே பண்போடு என்றோ முறையறிந்து என்றோ எழுதலாம். ‘கோயில் மரியாதை’ என்ற இடத்தில் வரிசை என்ற நம் ஊர்ச் சொல்லே பொருந்தும். ‘மட்டு மரியாதை’ என்ற தொடரை எதனாலும் மாற்ற வேண்டாம். மாணவர்கள் கட்டுரையில் ‘மருவாதி’ என்று எழுதினால் மரியாதை என்று திருத்திக் கொடுங்கள். வீட்டில் அம்மம்மா ‘மரியாதி’ என்று சொல்வதாக ஒரு பிள்ளை சொன்னால், கல்வெட்டுகளிலேயே காணப்படும் வடிவம் அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.